அவர்கள் ஒன்று என்கிறார்கள், நாம் மூன்று என்கிறோம்

“நீங்கள் மூன்று கடவுளை வணங்குகிறவர்கள்” என்று நம் பிள்ளை சொல்கிறான். “இல்லை, எங்களுக்கும் கடவுள் ஒருவர்தான்” என்று அவனோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் கிறிஸ்தவப் பிள்ளை சொல்கிறான். கிறிஸ்தவ சபையார் நடத்தும் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகள் படிக்கும் ஊர்களில் இந்த வழக்கு ஓய்வதில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் கேட்கிறான்: “வாப்பா, அவன் ஒன்று என்கிறான், நாம் மூன்று என்கிறோம், இதில் பொய் சொல்வது யார்?” பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் பதில், “அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நீ போய்ப் பாடத்தைப் படி” என்பதே.

இந்தப் பதில் போதாது. ஒருவர் தம் வாயால் மறுக்கும் ஒன்றை, “இதுதான் உன் கொள்கை” என்று நாம் கூறுவது ஒரு வகையில் சாட்சி சொல்வதாகும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:8). கடன் பத்திரத்திலும் காணி வழக்கிலும் மட்டும் நீதி பார்த்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா? பிறருடைய நம்பிக்கையைப் பற்றிப் பேசும் பேச்சிலும் நீதி வேண்டும். அதே சமயம், மூன்று என்று கூறுவதை விட்டு விலகும்படி வேதக்காரர்களை எச்சரிப்பதும் அதே திருமறைதான் (4:171). இந்த எச்சரிக்கையில் ஓர் எழுத்தையும் நாம் குறைக்க முடியாது. அப்படியானால் இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வது எப்படி?

முதலில் அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் விதமாகவே கேட்போம். கடவுள் ஒருவரே, அவருடைய தாத்து, அதாவது உள்ளமை, ஒன்றே. அந்த ஒரே தாத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்கள் உண்டு. மூவரும் ஆதியற்றவர்கள். மூவருக்கும் அறிவு ஒன்று, நாட்டம் ஒன்று, வல்லமை ஒன்று. பிதா என்பவர் குமாரன் அல்லர், குமாரன் என்பவர் ஆவி அல்லர். ஆயினும் கடவுள்கள் மூவர் அல்லர். இதுதான் அவர்களுடைய அகீதா. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் உள்ளமைக்கு ‘ஜவ்ஹர்’ என்றும், ஆள் என்பதற்கு ‘உக்னூம்’ என்றும் சொல்வார்கள். தமிழில் ஒரு சாரார் ‘திரித்துவம்’ என்றும், கத்தோலிக்கர் ‘மூவொரு இறைவன்’ என்றும் வழங்குகிறார்கள். முற்காலத் தமிழ்க் கத்தோலிக்கர் பரிசுத்த ஆவியைப் போர்த்துக்கீசியர் சொல்லிக் கொடுத்தபடி ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றே அழைத்து வந்தார்கள்.

இந்த மூவரில் மர்யம் (அலை) அவர்கள் இல்லை. நம்மில் பலர் பிதா, மாதா, சுதன் என்று எண்ணிக்கொண்டு வாதாடுகிறார்கள். எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டுப் போகிறார். மாயிதா அத்தியாயத்தின் 116ஆம் வசனத்தில், தம்மையும் தம் அன்னையையும் தெய்வங்களாக எடுத்துக்கொள்ளும்படி மக்களிடம் சொன்னீரா என்று ஈஸா (அலை) அவர்கள் வினவப்படுவது உண்மை. ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது மனிதரை வணங்கும் செயல். திரித்துவத்தின் மூன்றாவது ஆள் மர்யம்தான் என்று அவ்வசனம் கூறவில்லை. அல்லாஹ் சொல்லாததை நாம் சேர்த்துச் சொல்லிவிட்டு, அதற்குக் குர்ஆனைச் சாட்சியாக இழுப்பது முறையாகாது.

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது? திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லை. லத்தீனில் அச்சொல்லை இக்கொள்கைக்கு வழங்கியவர்களில் முதல்வர், கார்த்தேஜ் நகரத்தில் வாழ்ந்த தெர்துல்லியன். காலம் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். மூவரும் ஒன்றே என்று வெளிப்படையாகப் பேசும் யோவான் நிருபத்து வாசகம் ஒன்று உண்டு. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது காணப்படவில்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் தாம் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பின் 1522இல்தான் சேர்த்தார். கிறிஸ்தவ அறிஞர்களே இன்று இதை மூலத்தில் இல்லாதது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பிதா, குமாரன், ஆவி என்ற மூன்று பெயர்களால் ஞானஸ்நானம் கொடுக்கும் வாசகம் மத்தேயு சுவிசேஷத்தின் முடிவில் இருக்கிறது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. பெயர்கள் பழையவை. அம்மூன்று பெயர்களுக்கும் தாத்து ஒன்று என்ற விளக்கமே பிற்காலத்தில் வரையறுக்கப்பட்டது.

அந்த வரையறை பிறந்த இடம் நீக்கேயா. இன்று துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் ஊர். 325ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அங்கே பிஷப்புமார்களைக் கூட்டினான். நம்முடைய பிரசுரங்கள் சிலவற்றில், இந்த அரசன் தன் அதிகாரத்தால் திரித்துவத்தைத் திணித்தான் என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். சரித்திரம் அவ்வளவு எளிதாக இல்லை. நீக்கேயாவின் தீர்மானத்துக்காக வாழ்நாள் முழுதும் போராடிய அத்தனாசியஸ் என்பவரை நாடு கடத்தியவனும் இதே கான்ஸ்டன்டைன்தான். 337இல் மரணப் படுக்கையில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், எதிர்க் கட்சியின்பால் சாய்ந்திருந்த பிஷப். அவன் மகன் கான்ஸ்டான்டியஸும் எதிர்க் கட்சிக்கே துணை நின்றான். 381இல் கான்ஸ்டான்டினோபிள் சபை கூடித்தான் தீர்மானம் நிலைபெற்றது. அரசர்களின் கை இதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. வாளை மட்டும் காட்டி இதை விளக்கிவிட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

கூர்ந்து நோக்கினால் விஷயம் வேறோரிடத்தில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்ற குரு இருந்தார். குமாரன் எவ்வளவு உயர்ந்தவராயினும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்பது அவர் வாதம். அத்தனாசியஸ் அதை மறுத்தார். மறுப்பின் சாரம் இது: கிறிஸ்தவர்களாகிய நாம் இயேசுவிடம் பிரார்த்திக்கிறோம், அவருக்கு வணக்கம் செலுத்துகிறோம், அவர் படைப்பு என்றால் நாம் படைப்பை வணங்கியவர்களாவோம், சிலை வணங்கிகளுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமற் போகும். மேலும் ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்து வைக்க முடியாது; எனவே அவர் படைப்பு அல்லர்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். படைப்பை வணங்குவது ஷிர்க் என்பது அத்தனாசியஸுக்கும் தெரியும்! அந்த விதியில் அவருக்கும் நமக்கும் தகராறே இல்லை. அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வணக்கத்தை நிறுத்த வேண்டும். அல்லது, வணங்கப்படுபவர் படைப்பு அல்லர் என்று கொள்கையைத் திருத்த வேண்டும். முன்னூறு ஆண்டுகளாகப் பாமரரின் துதிப் பாடலிலும் வேண்டுதலிலும் ஊறிப்போன வணக்கத்தை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. கொள்கைதான் வணக்கத்தின் பின்னால் நடந்தது. ஆரியஸின் நிலையோ இன்னும் பரிதாபமானது; படைப்பு என்றும் சொன்னார், வணக்கத்தையும் விடவில்லை. தர்க்கத்தில் அவர் தோற்றதில் வியப்பில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் தம் உம்மத்துக்கு எச்சரிக்கை செய்த இடமும் இதுவே. மர்யமின் மைந்தரைக் கிறிஸ்தவர்கள் எல்லை மீறிப் புகழ்ந்ததைப் போலத் தம்மைப் புகழ வேண்டாம் என்றும், தம்மை அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்றே சொல்லும்படியும் அவர்கள் அருளியதை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் இந்த ஹதீஸ் இருக்கிறது. தத்துவத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. புகழ்ச்சியைப் பற்றியே பேச்சு. அகீதா நூல்களில் தவறு நுழைவதற்கு நெடுங்காலம் முன்பே அது நாவில் நுழைந்துவிடுகிறது என்பதைப் பெருமானார் (ஸல்) அறிந்திருந்தார்கள்.

ஆகவே அடுத்த வீட்டாரைப் பற்றிப் பேசும்போதே நம் வீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரசவ வலியிலும், கடலில் புயல் வீசும்போதும் நம் நாவில் முதலில் வரும் பெயர் யாருடையது? வஸீலா தேடுவது வேறு, நேரே அழைத்துக் கேட்பது வேறு என்று உலமாக்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். அதில் கருத்து வேறுபாடும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. ஆனால் பாத்திஹா ஓதும் பாட்டிக்கு அந்தப் பிரிவினை தெரியுமா, அவளைப் பார்த்து வளரும் பேரனுக்குத் தெரியுமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

இனி அறிவு வழியாக நடந்த வாதத்துக்கு வருவோம். மக்தபில் ‘ஸிஃபத்து இருபது’ மனனம் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அல்லாஹ்வுக்கு அறிவு, வல்லமை, நாட்டம், பேச்சு ஆகிய பண்புகள் உண்டு, அவை ஆதியற்றவை, அவை தாத்தும் அல்ல, தாத்துக்கு வேறானவையும் அல்ல என்று ஓதியிருக்கிறோம். இதைக் கேட்ட முஃதஸிலாக்கள், நீங்களும் கிறிஸ்தவரைப் போலவே பல ஆதியற்றவற்றை நிலைநாட்டுகிறீர்கள் என்று பழித்தார்கள். ஹிஜ்ரி 218இல், அதாவது 833இல், குர்ஆன் படைக்கப்பட்டதே என்று உலமாக்களைக் கட்டாயப்படுத்திய கலீஃபா மஃமூன் தன் கடிதத்தில், ஈஸா அல்லாஹ்வின் வார்த்தை, ஆகவே படைக்கப்படாதவர் என்று கூறும் கிறிஸ்தவர்களோடு நம்மவர்களை ஒப்பிட்டான்.

அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், சுமார் 781இல், பாக்தாதில் கலீஃபா மஹ்தீக்கும் கீழ்த்திசைச் சபையின் தலைவர் திமோத்தேயுவுக்கும் இரண்டு நாள் உரையாடல் நடந்தது. கலீஃபா கேட்ட கேள்விகளையும் தாம் சொன்ன பதில்களையும் திமோத்தேயு சிரியாக் மொழியில் எழுதி வைத்தார். சூரியன் தன் ஒளியோடும் வெப்பத்தோடும் ஒரே சூரியனாக இருப்பதைப் போல, அரசர் தம் வார்த்தையோடும் ஆவியோடும் ஒரே அரசராக இருப்பதைப் போல, கடவுளும் ஒருவரே என்பது அவர் கூற்று. ஈஸா (அலை) அவர்களைத் திருமறை அல்லாஹ்வின் ‘கலிமா’ என்றும் அவனிடமிருந்து வந்த ‘ரூஹ்’ என்றும் குறிப்பிடுவதையும் இப்படிப்பட்ட வாதங்களில் அவர்கள் துணைக்கு எடுப்பது வழக்கம்.

இங்கேதான் வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். சூரியனின் வெப்பம் சூரியனிடம் பேசுவதில்லை. அரசரின் வார்த்தை அரசரிடம் மன்றாடுவதில்லை. “அல்லாஹ்வின் அறிவே, என்னை மன்னித்தருள்” என்று எந்த முஸ்லிமும் துஆ கேட்டதில்லை. ஸிஃபத்து அனுப்பப்படுவதில்லை, பிறப்பதில்லை, சிலுவையில் ஏறுவதில்லை. கிறிஸ்தவக் கொள்கையிலோ பிதா குமாரனை அனுப்புகிறார். குமாரன் பிதாவிடம் பிரார்த்திக்கிறார். ஆவி இறங்கி வருகிறார். ஒருவர் மற்றவரை ‘நீர்’ என்று அழைக்கிறார். இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் கிறிஸ்தவரின் இந்தக் கொள்கை மிகவும் தெளிவற்றது என்று கூறிவிட்டு, அவர்கள் மூன்றையும் ஸிஃபத்துகள் என்று பெயரிட்டாலும் உண்மையில் அவை தாத்துகளே என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம், அவை ஈஸாவினுள் இறங்கிக் குடியிருப்பதை, அதாவது ‘ஹுலூலை’, அவர்கள் ஏற்கிறார்கள் என்பதே. இமாமவர்களின் நேர்மையைக் கவனியுங்கள். எதிரி சொல்வதைச் சொல்லவில்லை என்று சாதிக்கவில்லை. நீ சொல்லும் பெயர் ஒன்று, அதனுள் இருக்கும் பொருள் வேறு என்கிறார்கள். நம் பிள்ளைக்கும் இதையே கற்பிக்கலாம். அவன் ஒன்று என்று சொல்வது பொய் அல்ல, அவன் அப்படித்தான் நம்புகிறான். ஆனால் அவன் செய்யும் வணக்கம் அந்த ஒன்றில் நிற்கவில்லை.

இந்தச் சங்கடம் அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகரத்து பிஷப் கிரெகோரி இதைத் தாமே எழுப்பிக்கொண்டார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனிதத் தன்மை ஒன்றே. ஆயினும் மூன்று மனிதர் என்கிறோம். அப்படியிருக்க மூன்று கடவுள் என்று ஏன் சொல்லக் கூடாது? மனிதர் மூவரும் தனித்தனியே செயல்படுகிறார்கள், கடவுளின் செயலோ பிதாவிடம் தொடங்கிக் குமாரன் வழியாக ஆவியில் நிறைவுறும் ஒரே செயல் என்பது அவர் பதில். நல்லது. செயல் ஒன்று, நாட்டம் ஒன்று, அறிவு ஒன்று என்றால் மூவரைப் பிரித்துக் காட்ட மிஞ்சியிருப்பது என்ன? பெற்றவர், பெறப்பட்டவர், புறப்பட்டவர் என்ற உறவு மட்டுமே. அந்த உறவு வெறும் பெயராயின் மூவர் இல்லை. உண்மையாயின் ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்கிறார். தேவையற்றவனான ஸமதுக்கு அது பொருந்துமா? அவர்கள் இதை ரகசியம் என்று சொல்லி நிறுத்துகிறார்கள். அந்த இடத்தில் அவர்களை விட்டுவிடுகிறேன்.

தர்க்கத்தில் இத்தனை சிரமம் இருந்தும் இந்தக் கொள்கை பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிற்கிறதே, ஏன்? அது அவர்களுடைய வாழ்வில் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அந்த மூன்று பெயர்களால் ஞானஸ்நானம். கத்தோலிக்கர் நெற்றி, மார்பு, தோள்களைத் தொட்டுச் சிலுவைக் குறியிடும்போது அதே மூன்று பெயர்கள். பிதாவிடம், குமாரன் வழியாக, ஆவியின் துணையால் ஜெபம். ஆனாலும் இவை சடங்குகளாகத் தேய்ந்துபோனதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். கார்ல் ரானர் என்ற ஜெர்மானியக் கத்தோலிக்க அறிஞர் 1967இல் எழுதிய கட்டுரையில், கிறிஸ்தவர்கள் நடைமுறை வாழ்வில் ஏறத்தாழ வெறும் ஏகத்துவவாதிகளாகவே இருக்கிறார்கள் என்று குறைபட்டார். திரித்துவம் தவறு என்று நாளை கைவிடப்பட்டாலும் அவர்களுடைய பக்தி நூல்களில் பெரும்பகுதியை மாற்றாமலே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு அது குறை. நமக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. மனிதனின் ஃபித்ரா, எத்தனை திரை போட்டாலும், ஒருவனிடமே திரும்புகிறது.

சடங்கைத் தாண்டி உள்ளத்தைத் தொடும் இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று அன்பு. கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்றால், உலகத்தைப் படைப்பதற்கு முன் அவர் யாரை நேசித்தார் என்று அவர்கள் கேட்கிறார்கள். நேசிப்பவர், நேசிக்கப்படுபவர், நேசம் என்று அகஸ்டின் என்ற மேற்கத்தியப் பாதிரியார் அடுக்கினார். கடவுளே ஒரு கூட்டுறவு, ஆகவே அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதனும் குடும்பமாக, சபையாக வாழ வேண்டும் என்று அவர்கள் போதிக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருப்லேவ் என்ற ரஷ்யத் துறவி தீட்டிய புகழ்பெற்ற படத்தில், இப்றாஹீம் (அலை) அவர்களிடம் வந்த மூன்று விருந்தாளிகள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பது திரித்துவத்தின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. நாம் அந்த விருந்தாளிகளை மலக்குகள் என்றே அறிவோம்; உணவை நோக்கி அவர்கள் கை நீளவில்லை.

அல்லாஹ்வும் ‘அல்வதூத்’, பேரன்புடையவன். படைப்பு தோன்றிய பிறகுதான் அவனுக்குப் படைப்பாளன் என்ற பெயர் கிடைத்தது என்பதில்லை என்று இமாம் தஹாவீ (ரஹ்) அவர்களின் அகீதா கூறுகிறது. ஓசை எதுவும் இல்லாதபோதும் அவன் செவியேற்பவன். நேசிக்க ஆள் இருந்தால்தான் அவன் வதூத் என்று சொல்வது, நம் அன்பின் வறுமையை அவன் மேல் ஏற்றுவதாகும். நாம்தான் தனிமையில் வாடுகிறவர்கள்.

இரண்டாவது, துன்பம். இது கனமானது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கிறிஸ்தவத் தாய் சிலுவையைப் பார்க்கும்போது, என் வேதனை கடவுளுக்கு அந்நியமானதல்ல, அவரே மனிதனாகி அனுபவித்தார் என்று எண்ணி ஆறுதல் கொள்கிறாள். குமாரன் முழுக் கடவுளாக இல்லாவிட்டால் அந்த ஆறுதல் குலைந்துவிடும். திரித்துவத்தை அவள் விடாமல் பற்றியிருப்பது கிரேக்கத் தத்துவத்துக்காக அல்ல. அவளிடம் போய் ஒன்றும் மூன்றும் கணக்குப் போட்டுக் காட்டுகிறவன் எதையும் சாதிக்கமாட்டான். அவள் கண்ணீரையும் அவமதிப்பான்.

நம்மிடம் அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? மகனை நினைத்து அழுது கண் வெளுத்துப்போன யஃகூப் (அலை) இருக்கிறார்கள். மகன் இப்றாஹீமின் உயிர் பிரியும்போது கண்ணீர் வடித்த நம் நாயகம் (ஸல்) இருக்கிறார்கள். அவற்றுக்கும் மேலே, அபூஹுரைரா (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸீ இருக்கிறது. மறுமையில் அல்லாஹ் ஆதமின் மகனிடம், தான் நோயுற்றிருந்ததாகவும் அவன் வந்து பார்க்கவில்லை என்றும் கூறுவான். அகிலங்களின் ரப்பாகிய உன்னை நான் எப்படி நோய் விசாரிப்பேன் என்று அடியான் திகைப்பான். இன்ன அடியான் நோயுற்றிருந்தான், நீ அவனிடம் போயிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்று பதில் வரும். பசியைப் பற்றியும் தாகத்தைப் பற்றியும் இவ்வாறே கேட்கப்படும். மத்தேயு சுவிசேஷத்திலும் இதை ஒத்த ஒரு பகுதி இருப்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். இதில் ஹுலூல் இல்லை. அல்லாஹ் நோயாளி ஆகிவிடவில்லை. ஆயினும் நோயாளியின் கட்டிலுக்கும் அவனுக்கும் இடையே தூரம் இல்லை. பிடரி நரம்பைவிட அருகில் இருப்பவன் (50:16) நெருங்கி வருவதற்கு மனித உடல் எதற்கு?

இந்த வேறுபாட்டை மறைக்காமலும், மனிதரை அவமதிக்காமலும் பேசிய சபை ஒன்று மதீனாவில் கூடியது. நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக் குழு வந்தபோது அவர்களுக்குத் தொழுகை நேரம் வந்தது. அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழுதார்கள். அவர்களை விட்டுவிடும்படி பெருமானார் (ஸல்) சொன்னதாக இப்னு இஸ்ஹாக் (ரஹ்) எழுதுகிறார்கள். பிறகு ஈஸா (அலை) அவர்களைப் பற்றி விவாதம் நடந்தது. ஒருவருக்கும் ஒருவர் இணங்கவில்லை. பொய்யர் மீது சாபம் இறங்கட்டும் என்று இரு தரப்பும் பிரார்த்திக்கும் முபாஹலாவுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது (3:61). அவர்கள் பின்வாங்கி, உடன்படிக்கை செய்துகொண்டார்கள். புறப்படும்போது, தங்களோடு நம்பிக்கைக்குரிய ஒருவரை அனுப்பி வைக்கும்படி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களை எழுந்திருக்கச் சொல்லி அவர்களோடு அனுப்பி வைத்தார்கள்.